சித்தப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமா?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எங்களுக்குச் சேரன்மகாதேவி பக்கம் ஒரு கிராமம். ஊரும் பேரும் போட வேண்டாம். என் சித்தப்பாவுக்கு இருபத்திரண்டு வயதில் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) வந்தது. இப்போது ஐம்பது ஆகிறது. மாத்திரை சாப்பிடுகிறார். யாரிடமும் அதிகம் பேச மாட்டார். நடவு நாளில் மட்டும் வரப்பில் வந்து உட்கார்ந்து நாற்று முடிகளை, அதாவது நாற்றுக் கட்டுகளை, எண்ணுவார். கணக்குத் தப்பாது.

போன மாதம் எனக்கு வந்த சம்பந்தம் தட்டிப்போய்விட்டது. 'அந்தக் குடும்பத்துல கிறுக்கு உண்டு' என்று யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். நெட்டில் தேடினேன். டிஸ்க்-1 என்று ஒரு ஜீன் இருக்கிறதாம். அது கெட்டால், வளர்ந்த மூளையில் புதிதாகப் பிறக்கிற நியூரான்கள் (நரம்பு செல்கள்) தப்பான இணைப்புப் போட்டுவிடுமாம், மனநோய் அதனால்தானாம். ஒரு லேபில் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு ஜீன் டெஸ்ட் எடுக்கிறார்கள். எடுத்து மாப்பிள்ளை வீட்டாரிடம் காட்டலாமா?

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில், அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். மற்றதை நிதானமாகச் சொல்கிறேன்.

நீங்கள் படித்தது பொய் இல்லை. ஆனால் ஆய்வுக்கூடத்து எலியிலிருந்து உங்கள் கல்யாணப் பேச்சு வரைக்கும் ஒரே தாவாகத் தாவிவிட்டீர்கள்.

டிஸ்க்-1 கதை ஸ்காட்லாந்தில் ஒரு குடும்பத்தில் தொடங்குகிறது. அங்கே தலைமுறை தலைமுறையாக மனநோய் வந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் பலருக்கு, ஜீன்களைச் சுமக்கிற குரோமோசோம்களில் 1ஆம் குரோமோசோமும் 11ஆம் குரோமோசோமும் ஆளுக்கொரு துண்டை மாற்றிக்கொண்டிருந்தன. 1990இல் அதை எழுதினார்கள். 2000இல், உடைந்த இடத்தில் இருந்த ஜீனைக் கண்டுபிடித்து, 'மனச்சிதைவில் உடைந்தது' என்று பொருள்படும்படி பேர் வைத்தார்கள். பேர் வைத்ததில் கொஞ்சம் அவசரப்பட்டார்கள் என்பது என் எண்ணம். ஏனென்றால் அதே வீட்டில், அதே உடைப்பு இருந்தவர்களில் சிலருக்கு மனச்சிதைவு, சிலருக்குக் கடுமையான மனச்சோர்வு, சிலருக்கு ஒன்றுமே இல்லை. அப்புறம் பல்லாயிரம் பேரை வைத்துப் பெரிய கணக்கெடுப்புகள் நடந்தன. 2022இல் வந்த ஆய்வு மனச்சிதைவோடு தொடர்புடைய 287 இடங்களை நம் மரபணுத் தொகுப்பில் காட்டியது. ஒவ்வொன்றும் சேர்ப்பது ஒரு துளி. டிஸ்க்-1 அந்தக் கணக்கெடுப்புகளில் பெரிதாகத் தலைகாட்டவில்லை. ஆக, ஸ்காட்லாந்துக் குடும்பத்தின் உடைப்பை உங்கள் சித்தப்பா தலையில் கட்ட வேண்டியதில்லை.

அப்படியானால் அந்த ஜீனை இன்னும் ஏன் ஆராய்கிறார்கள்? ஒரு புது நியூரான் எப்படித் தன் இடத்தைப் பிடிக்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. இதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

வளர்ந்த மூளையில் புது நியூரான் பிறக்காது என்றுதான் வெகுகாலம் பாடம் நடத்தினார்கள். 1965இல் ஆல்ட்மன் என்பவரும் கோபால் தாஸ் என்கிற நம் நாட்டுக்காரரும் எலி மூளையில் பிறக்கிறது என்று காட்டினார்கள். யாரும் பெரிதாகக் காதில் வாங்கவில்லை. மனிதனில் இருக்கிறது என்று 1998இல் சொன்னார்கள். 2013இல் இன்னொரு வேடிக்கை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெடித்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்ட கார்பன்-14 என்கிற கதிரியக்கக் கார்பன், அந்தச் சமயத்தில் பிறந்த செல்களின் டிஎன்ஏவில் போய் உட்கார்ந்திருக்கிறது. அதை வைத்தே செல்லுக்கு வயது கணித்தார்கள். நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸில், ஒரு பக்கத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 700 நியூரான் சேர்கிறது என்று கணக்கு வந்தது. 2018இல் ஒரு குழு, பெரியவர்களிடம் ஒன்றுகூடப் பார்க்க முடியவில்லை என்றது. அதே வருடம் இன்னொரு குழு, முதுமையிலும் இருக்கிறது என்றது. சண்டை இன்னும் முழுசாக ஓயவில்லை. எலியில் மட்டும் சந்தேகமே கிடையாது.

உங்கள் வீட்டில் நடவு நடக்கிறது, அதனால் இப்படிச் சொல்கிறேன். கார் சாகுபடிக்கு அணையில் தண்ணீர் திறக்கப் பிந்திய ஒரு வருஷம், எங்கள் நாற்றங்காலில் நாற்று முற்றி நெடுநெடுவென்று நின்றது. பிடுங்கி நட்டால் தலை சாய்ந்து தண்ணீரில் விழுகிறது. நடவுக்கு வந்த ஆச்சி ஒருத்தி முடியை அவிழ்க்குமுன் நுனியைக் கொத்தாகக் கிள்ளி எறிந்தாள். 'வளந்தா மட்டும் போதுமாய்யா, ஊனுன எடத்துல நிக்கணும்லா' என்றாள். அதுதான் விஷயம். 2007இல், வளர்ந்த எலியின் ஹிப்போகாம்பஸில் புதிதாகப் பிறந்த செல்களில் மட்டும் டிஸ்க்-1ஐக் குறைத்துப் பார்த்தார்கள். செல் வாடிப்போகும் என்று நாம் நினைப்போம். நடந்தது நேர்மாறு. வேகமாக வளர்ந்தது, கிளைகள் அளவுக்கு மீறின, நிற்க வேண்டிய அடுக்கைத் தாண்டிப் போனது, பக்கத்துச் செல்களோடு இணைப்பைச் சீக்கிரமே போட்டுவிட்டது, லேசாகத் தொட்டாலும் கிளர்ந்தது. டிஸ்க்-1 அங்கே பிரேக் மாதிரி. பிற்பாடு, ராபமைசின் என்கிற மருந்தால் அந்த அதிவளர்ச்சியைத் தூண்டுகிற சமிக்ஞையை அடக்கியபோது, எலிகளின் நினைவுக் கோளாறும் பதற்றமும் குறைந்தன. ஆச்சி நுனி கிள்ளிய மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் உவமை இதோடு நின்றுவிடும். உழுது பரம்படித்த வெறும் வயலில் நாம் நடுகிறோம். மூளையில் புதுச் செல் வந்து ஊன்றுவது, ஏற்கெனவே கதிர் விட்டு நிற்கிற வயலுக்குள்ளே. அதன் இணைப்பு கொஞ்சம் பிசகினாலும் சுற்றியுள்ளவை கேட்கிற சேதி மாறும்.

இப்போது உங்கள் கேள்விக்கு நெருக்கமான ஒன்று. காபா என்று ஒரு ரசாயனம் இருக்கிறது. வளர்ந்த நியூரானை அமர்த்தும். புதிதாகப் பிறந்ததை மட்டும் அதே காபா கிளப்பிவிடும். வளர வளரத்தான் மாறும். 2012இல் வந்த ஓர் ஆய்வில், குட்டி எலி பிறந்த சில நாளிலேயே உண்டாகிற செல்களில் டிஸ்க்-1ஐக் குறைத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. காரணம், அந்தப் பருவத்தில் காபாவின் குணம் சீக்கிரம் மாறிவிடுகிறது. குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து வைத்துப் பார்த்தார்கள். அப்போது அதே ஜீன் குறைபாட்டில் கிளைகள் கண்டபடி வளர்ந்தன. ஜீன் அதேதான், தாய் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான். மனிதர்களிலும், டிஸ்க்-1இன் ஒரு வகையும், காபாவின் இந்தக் குணத்தைத் தீர்மானிக்கிற இன்னொரு ஜீனின் ஒரு வகையும் சேர்ந்து வரும்போதுதான் ஆபத்து கூடியதாக அதே ஆய்வு சொன்னது.

இவ்வளவையும் எந்த லேப் ரிப்போர்ட்டில் எழுதுவான்? 'ஆபத்து உண்டு' என்றோ 'இல்லை' என்றோ ஒரு கட்டத்தில் டிக் போட்டுக் கொடுப்பான். அதை வைத்து உங்களுக்கு நோய் வரும், வராது என்று ஒரு மனநல மருத்துவரும் சொல்ல மாட்டார்.

எண்ணாகக் கேட்டால், ஊரில் நூற்றில் சுமார் ஒருவருக்கு வாழ்நாளில் மனச்சிதைவு வரலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் அது ஏறக்குறைய பத்தில் ஒன்று. சித்தப்பாவுக்கு இருந்தால் அதைவிட நன்றாகக் குறைவு, நூற்றில் ஒருசில. அதாவது, வராமல் போவதற்கான வாய்ப்பே மிக மிக அதிகம். ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட, குறைந்தது பாதி ஜோடிகளில் மற்றவருக்கு வருவதில்லை, ஜீன் அத்தனையும் ஒன்றாக இருந்தும்.

மாப்பிள்ளை வீட்டு விஷயத்தில் நான் சொன்னால் நீங்கள் கேட்பீர்களா தெரியவில்லை. மறைக்காதீர்கள். அடுத்த சம்பந்தம் வரும்போது, யாரோ போய்ச் சொல்லுமுன் அப்பாவே சொல்லட்டும்: 'தம்பிக்கு இப்படி இருக்கு, மருந்து சாப்பிடுதான், எங்ககூடத்தான் இருக்கான்' என்று. நம் பக்கத்தில் சர்க்கரை வியாதியைச் சொல்கிற மாதிரி இதைச் சொல்லப் பழகவில்லை. யாருக்காவது சாமியாடச் சொல்லி, விபூதி போட்டு, மாத்திரையை நிறுத்தச் சொல்கிற ஆள்களும் இருக்கிறார்கள். கும்பிடுவதைக் கும்பிடுங்கள், மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த விடாதீர்கள்.

சித்தப்பா நாற்று முடி எண்ணுகிற செய்தி எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்தப் பிசான நடவுக்கும் வரப்புக்கு வந்தாரா? எத்தனை முடி என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி