சிறு குழந்தைகளுக்குப் பக்திக் கதைகள் மூலம் தைரியத்தைக் கற்பிக்க முடியுமா?

முடியும், கதையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால். பிரகலாதனையே எடுத்துக்கொள்ளுங்கள். யானை, நஞ்சு, தீ என்று தந்தை இரணியன் எப்படியெல்லாம் மிரட்டினாலும் அந்தச் சிறுவன் தன் நம்பிக்கையை மாற்றிக்கொள்ளவில்லை; தந்தையைத் திருப்பி வசைபாடவும் இல்லை. கை ஓங்காமலே துணிவாக இருக்கலாம் என்பது குழந்தைக்குத் தானாகப் பிடிபடும். தூண் பிளக்கும் இடத்தில் தாராளமாகக் குரலை உயர்த்துங்கள். குடலை உருவும் வர்ணனை மட்டும் வேண்டாம். இரவில் தூங்க வேண்டுமே!

சற்று வளர்ந்த பிள்ளைக்கு, நீற்றறையில், அதாவது சுண்ணாம்புக் காளவாயில், அடைக்கப்பட்டும் ‘மாசில் வீணையும்’ என்ற தேவாரப் பாடலைப் பாடிய திருநாவுக்கரசரைச் சொல்லலாம்.

ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். ‘இதிலிருந்து என்ன கற்றாய்?’ என்று கேட்டால் கதை தேர்வாகிவிடும். ‘நீ அங்கே இருந்தால் என்ன செய்திருப்பாய்?’ என்று கேளுங்கள். ‘பயந்து ஓடியிருப்பேன்’ என்று சொன்னால் திருத்தாதீர்கள்.