கேள்வி–பதில்: 20 வீதக் கழிவில் ஒரு கொத்து

கே: கடைக்கு ஒரு கோல் எடுத்தாலே சாப்பாடு வீட்டுக்கு வரும். பிறகேன் சனம் சாப்பாடு ஓடர் பண்ணுற செயலிக்குப் பின்னால் ஓடுது? – கொக்குவில்

ப: கொத்து அடிக்கிற சத்தத்துக்குள் "உறைப்புக் குறைய" என்று நீங்கள் சொன்னது கடைக்காரருக்குக் கேட்காது. செயலியில் அது எழுத்தில் போகிறது. "கோயிலடியால் திரும்பி மூன்றாம் ஒழுங்கை, பச்சைக் கேற்" என்று வழி சொல்லவும் தேவையில்லை. வரைபடக் குறி வாசலில் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். பின்வளவில் நின்றால் கொண்டுவரும் பையன் அடுத்த ஒழுங்கையில் நின்று கோல் எடுப்பான்.

கே: 20 வீதம் கழிவு என்றார்கள். கடையை விடக் கூடத்தான் முடிந்தது. – திருநெல்வேலி

ப: கழித்தது கடை விலையில் இல்லை, செயலி விலையில். ஒவ்வொரு ஓடரிலும் செயலிக்காரர் கடையிடம் ஒரு பங்கு எடுக்கிறார். அதை ஈடுகட்டப் பல கடைகள் அங்கே விலையை ஏற்றி வைக்கின்றன. உதாரணத்துக்கு, கடையில் 1,200 ரூபா கொத்து செயலியில் 1,450. கழிவு 290 போக 1,160. லாபம் போலத் தெரியும். கொண்டுவரும் கூலி 250, சேவைக் கட்டணம் 60 சேர்த்தால் 1,470. "உச்சக் கழிவு 200" என்று பொடி எழுத்தில் இருந்தால் 1,560! இன்ன தொகைக்கு மேல் வாங்கினால்தான் கழிவு என்ற நிபந்தனை வேறு. அதை எட்ட இரண்டு றோல்ஸும் ஒரு சோடாவும் சேர்ப்பீர்கள். வீதத்தைக் கொட்டை எழுத்தில் போடுகிறவர்களுக்கு உச்சத்தொகையை மட்டும் அப்படிப் போடக் கை வராது. கடைசிப் பக்கத்து மொத்தத்தைக் கடை விலையோடு ஒப்பிட்டுவிட்டு அழுத்துங்கள். மழை நாளில் கூடுதலாகக் கொடுப்பது நியாயம். கழிவு கிடைத்ததென்று நம்பிக் கொடுக்காதீர்கள்.

கே: இரண்டு புரியாணிக்கு ஒன்றுதான் வந்தது. அடுத்த நாள் முறையிட்டேன், பதிலில்லை. – மானிப்பாய்

ப: அடுத்த நாள் வரைக்கும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? பையைப் பிரிக்கமுன் ஒரு படம், பிரித்ததும் ஒரு படம். அந்த ஓடரின் உதவிப் பகுதியில் அப்போதே போட வேண்டும். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, தொலைபேசி இலக்கம் 1977. பழுதான சாப்பாடென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதுவரை கொட்டிவிடாதீர்கள்.

கே: பணம் திருப்பித் தருவதாகக் கோல் வந்தது. ஃபோனுக்கு வந்த ஓ.ரி.பி. (ஒருமுறைக் கடவு எண்) சொன்னேன், கணக்கில் இருந்தது போய்விட்டது. – சுண்டுக்குளி

ப: உங்களில் பிழையில்லை அம்மா, அவர்கள் பேசிய விதம் அப்படி. இப்போதே வங்கிக்கு அழைத்து கார்ட்டை முடக்குங்கள்; எழுத்திலும் முறையிட்டு, பொலிசில் முறைப்பாடு பதியுங்கள். காசு திரும்பி வருவதற்கு எவருக்கும் ஓ.ரி.பி. தேவையில்லை.

கே: "ஓடரை ரத்துச் செய்யுங்கோ, காசைக் கையில தாங்கோ" என்கிறார் கொண்டுவருபவர். – கோண்டாவில்

ப: செய்யாதீர்கள். ரத்தானால் பிறகு முறையிட ஓடரே இல்லை.

கே: தோசை ஏன் எப்போதும் நனைந்து வருகிறது? – நல்லூர்

ப: மூடிய பெட்டிக்குள் ஆவி வேறெங்கே போகும்? நானும் காசு கொடுத்துப் பார்த்துவிட்டேன். தோசையைக் கடையிலேயே இருந்து சாப்பிடுங்கள்.