சட்டைவா, சட்டைவம், சட்டைவஸ்: எதற்கு எது?

கேள்வி: தோட்டக்கலைப் பட்டயம் படிக்கிறேன். அறிவியல் பெயர்களில் நெல் ஒரைசா சட்டைவா, பூண்டு அல்லியம் சட்டைவம், முள்ளங்கி ரஃபானஸ் சட்டைவஸ். மூன்றும் ஒரே சொல்லா? செடிகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும்போது எந்த ஈற்றைப் போடுவது?

பதில்: ஒரே சொல்தான். லத்தீனில் 'செரெரே' என்றால் விதைப்பது. 'சதஸ்' என்றால் விதைக்கப்பட்ட. அதிலிருந்து பிறந்த பெயரடை 'சதீவஸ்'. 'தீ' நெடில். நாம் சொல்லும் 'சட்டைவஸ்' ஆங்கிலம் வழியாக வந்த உச்சரிப்பு.

ஈறு மாறுவது பேரினப் பெயரின், அதாவது முதல் சொல்லின், பாலைப் பொறுத்து. 'நல்ல' பையனுக்கும் பெண்ணுக்கும் மரத்துக்கும் மாறுவதில்லை. ஆனால் நல்லவன், நல்லவள், நல்லது என்கிறோம். லத்தீன் பெயரடை இந்த இரண்டாவது வகை. ரஃபானஸ் ஆண்பால், ஒரைசா பெண்பால், அல்லியம் இரண்டிலும் சேராத நடுப்பால். இது சொல்லின் பால்தான். செடியில் ஆண் பூவா பெண் பூவா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஓசையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். புளிக்கு 'டாமரிண்டஸ் இண்டிகஸ்' என்று எழுதத் தோன்றும். சரியானது டாமரிண்டஸ் இண்டிகா. 'அஸ்' என்று முடிந்தாலும் லத்தீனில் மரப்பெயர்கள் பெரும்பாலும் பெண்பால். சந்தேகம் வந்தால் அதே பேரினத்தின் மற்ற இனங்களைப் பாருங்கள். ஃபைகஸ் ரிலிஜியோசா அரசு, ஃபைகஸ் ரேசிமோசா அத்தி, ஃபைகஸ் எலாஸ்டிகா ரப்பர் செடி: ஃபைகஸ் பெண்பால் என்பது தெரிந்துவிடும். ஆலமரத்தின் 'பெங்காலென்சிஸ்' மட்டும் உதவாது. 'என்சிஸ்' ஈறு ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொது.

பொருளை 'விதைக்கப்படுவது' என்று எழுதாமல் 'பயிரிடப்படுவது' என்று எழுதுங்கள். குங்குமப்பூவின் பெயர் குரோகஸ் சட்டைவஸ். அந்தச் செடி மும்மடியம், அதாவது குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று உள்ளது; விதையே பிடிக்காது. மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்கைப் பிரித்து நட்டுத்தான் காலங்காலமாக வளர்க்கிறார்கள். மனிதக் கை இல்லாவிட்டால் அந்தச் செடியே இல்லை. சட்டைவஸ் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான செடி எனக்குத் தெரியாது.

பட்டாணியில் கவனம். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலில் வைத்த பெயர் பைசம் சட்டைவம். இப்போது சிலர் அதை லத்தைரஸ் பேரினத்தில் சேர்க்கிறார்கள். முறைப்படி லத்தைரஸ் சட்டைவஸ் என்று மாறியிருக்க வேண்டும்; ஆனால் அதே நூலில் அந்தப் பெயரைக் கேசரிப் பருப்புக்கு லின்னேயஸ் கொடுத்துவிட்டார். அதனால் பட்டாணி லத்தைரஸ் ஒலரேசியஸ் ஆயிற்று. உங்கள் பாடநூல் பைசம் சட்டைவம் என்றால் பலகையிலும் அதையே எழுதலாம்; லத்தைரஸ் சட்டைவஸ் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.