பைலட் எடுக்க இரண்டு வட்டியா?

கேள்வி: சென்னை வானொலிக்கு நாடகம் எழுதி ஆரம்பித்தேன், இப்போது சீரியல் வசனம். எபிசோடுக்கு 4,000 ரூபாய், மாதம் 25 எபிசோடு. தயாரிப்பாளர் ஆகலாம் என்று தம்பியோடு சேர்ந்து இரண்டு வட்டிக்கு 10 லட்சம் வாங்கி பைலட் (சேனலுக்குக் காட்டும் மாதிரி எபிசோடு) எடுத்தோம். 14 மாதமாகச் சேனலிடமிருந்து பதில் இல்லை. எபிசோடுக்கு 1.5 லட்சம் பட்ஜெட்டில் இன்னொரு கதை தயார், வீட்டுப் பத்திரத்தைக் கொடு என்கிறான் தம்பி. வங்கியில் வேறு யூலிப் (காப்பீடும் முதலீடும் சேர்ந்த பாலிசி) போடச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
- வாசகி, சாலிகிராமம்

பதில்: சேனல் பதில் சொல்லாததற்குக் கவலைப்படுகிறீர்கள். ஓகே சொல்லியிருந்தால்தான் எனக்குக் கவலை. மாதம் 25 எபிசோடு என்றால் 37.5 லட்சம் முதலில் உங்கள் கையிலிருந்து போக வேண்டும், ஒளிபரப்பாகி பில் பாஸாகிப் பணம் வர மூன்று மாதம் இழுத்தால் ஒரு கோடிக்கு மேல் வெளியில் நிற்கும், அதற்கு இதே இரண்டு வட்டி போட்டால் மாதம் 2.25 லட்சம். லைட்மேனுக்கும் சாப்பாட்டு வண்டிக்கும் அன்றன்றைக்கே கொடுத்தாக வேண்டும், 'சேனல் பில் வரட்டும்' என்று அவர்களிடம் சொல்ல முடியாது.

வசனம் எழுதிச் சம்பாதிப்பதை வட்டிக்குக் கட்டும் பழக்கம்தான் பிரச்னை, இதுவரை 2.8 லட்சம் போயாச்சு. பத்திரத்தில் கை வைக்க விடாதீர்கள். தம்பி கோபித்துக்கொள்வார், கொள்ளட்டும். கதை நல்ல கதை என்றால் ஏற்கெனவே சீரியல் எடுத்துக்கொண்டிருக்கும் தயாரிப்பாளரிடம் கொண்டு போங்கள், கதைக்குச் சம்பளமும் டைட்டில் கார்டில் பெயரும் எழுத்தில் வாங்குங்கள். தம்பி அங்கேயே சம்பளத்துக்கு மேனேஜராகச் சேரலாமே.

அப்புறம் கடன். வீட்டில் நகை இருந்தால் வங்கியில் வைத்து அந்த 10 லட்சத்தை அடைத்துவிடுங்கள். வருஷம் 10 சதவீதம் என்றாலும் வட்டி 20,000-லிருந்து சுமார் 8,300 ஆகிவிடும். மாதம் 35,000 கட்டினால் மூன்று வருஷத்துக்குள் நகை வீட்டுக்கு வரும். முடிந்தால் தனியாக 10,000 ஒதுக்குங்கள், சீரியலைத் திடீரென்று முடிப்பார்கள் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

யூலிப்பா? இரண்டு வட்டி என்றால் வருஷம் 24 சதவீதம்; அப்படிக் கடன் வைத்துக்கொண்டு எந்த முதலீட்டையும் பேசாதீர்கள், வங்கி மேனேஜருக்கு டார்கெட் இருந்தால் அது அவர் பாடு.

ஒன்று கேட்க வேண்டும், வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்கிறீர்களா? சம்பளத்தில் 10 சதவீதம் டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடித்தால் வருஷம் 1.2 லட்சம். புதிய வரி முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரி இல்லை, ஆக வேறு வருமானம் இல்லாவிட்டால் அந்தப் பணம் அப்படியே திரும்ப வரும். வந்ததும் நகைக்கடனில் கட்டுங்கள், தம்பியிடம் சொல்ல வேண்டாம்.