வாசகர் கேள்வி – பதில்: மோட்டார்ஹோமில் மறைந்திருக்கும் நீர்க்கசிவு

கேள்வி: எங்கள் மோட்டார்ஹோம் (படுக்கை, குளியலறை வசதிகள் கொண்ட பயண வண்டி) குளிர்காலம் முழுவதும் ஓடாமல் நின்றிருந்தது. அண்மையில் தொட்டியை நிரப்பிப் பயணம் புறப்பட்டோம். எந்தக் குழாயையும் திறக்காத நேரத்திலும், கால் மணி நேரத்திற்கு ஒரு முறை தண்ணீர் பம்பு தானாக இரண்டு மூன்று நொடி ஓடி நிற்கிறது. இரவில் அந்த ஓசை தூக்கத்தையே கெடுக்கிறது. படுக்கைக்கு அடியில் தரைப்பலகை ஓரிடத்தில் ஈரமாக இருக்கிறது. ஆனால் அதற்கு அருகில் தண்ணீர்க் குழாய் எதுவும் செல்வதாகத் தெரியவில்லை. தரையைப் பெயர்த்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி உண்டா? கசிவைக் கண்டுபிடித்துவிட்டால் நாங்களே சரிசெய்துகொள்ள முடியுமா?

பதில்: தரையில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். ஈரம் தெரியும் இடமும் தண்ணீர் கசியும் இடமும் ஒன்றாக இருப்பது இத்தகைய வண்டிகளில் அரிது. வண்டி சற்றே சாய்ந்து நின்றால் போதும், ஒரு முனையில் சொட்டும் நீர் குழாயின் அடிப்பக்கத்தையோ மரச்சட்டத்தையோ பற்றிக்கொண்டு சென்று, இரண்டு மூன்று மீட்டர் தள்ளித் தரையில் இறங்கிவிடும். ஆகவே, எங்கே கசிகிறது என்று தேடுவதற்கு முன்னால் எப்போது கசிகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஓரிரு நாள் பொறுமை போதும்.

உங்கள் பம்பே முதல் தடயத்தைத் தந்துவிட்டது. 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் இந்தப் பம்புகளில் அழுத்தத்தை உணரும் சுவிட்ச் ஒன்று இருக்கும். குழாய்களை மூடியதும் உள்ளே அழுத்தம் ஏறி, ஓர் அளவை எட்டியவுடன் அது பம்பை நிறுத்திவிடும். அழுத்தம் குறைந்தால் மறுபடியும் ஓட்டும். எதையும் திறக்காமலேயே பம்பு ஓடுகிறது என்றால் அழுத்தம் எங்கோ வெளியேறுகிறது. அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பம்பைத் தாண்டிய குழாய்களில் கசிவு. மற்றொன்று, பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு சரியாக மூடாமல் தண்ணீர் தொட்டிக்கே திரும்புவது. இரண்டாவது வகையில் தரை நனையாது. உங்கள் தரை நனைந்திருப்பதால் முதல் வகையையே சந்தேகிக்கிறேன். ஆனாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கக்கூடும் என்பதை மறக்க வேண்டாம். வெளிக்குழாயிலிருந்து நேரடியாக நீர் பெறும் இணைப்பு உங்கள் வண்டியில் இருந்தால், பம்பை நிறுத்திவிட்டு அழுத்தக் கட்டுப்படுத்தி வழியாக அதில் நீரைக் கொடுத்துப் பாருங்கள். தொட்டியின் நீர்மட்டம் தானாக உயர்ந்தால், பம்பின் ஒருவழி வால்வு பழுதாகியிருக்கிறது என்பது உறுதி.

அடுத்து, ஈரமான இடத்தை நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். பம்பின் சுவிட்சை அணைத்து, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டு மூடுங்கள். உலர்ந்த இடத்தில் டிஷ்யூ தாளை விரித்து இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் தாள் உலர்ந்தே இருந்து, பம்பை மீண்டும் இயக்கிய சில மணி நேரத்தில் நனைந்தால், அழுத்தத்தில் இருக்கும் குழாய்ப் பகுதியில்தான் குற்றம். பம்பு அணைந்திருந்தும் தாள் நனைந்தால், தொட்டியையும் அதிலிருந்து பம்புக்கு வரும் குழாயையும் பாருங்கள். மழை பெய்த பிறகு மட்டும் நனைந்தால் அது குழாய் வேலையே அல்ல. கூரையிலோ சன்னல் விளிம்பிலோ பூச்சு விட்டுப்போயிருக்கும். குளித்த பிறகு மட்டும் நனைந்தால் கழிவுநீர்க் குழாயையோ குளியல் தட்டின் விளிம்பையோ சந்தேகிக்க வேண்டும். ஷவரைத் திறக்காமல் ஒரு குவளையில் நீர் எடுத்து வடிகாலில் மட்டும் மெதுவாக ஊற்றினால், இவ்விரண்டில் எது என்பது பிரிந்து தெரியும். வண்டி ஓடும்போது மட்டும் நனைந்தால், தொட்டியின் மேற்பக்கத்தில் உள்ள நிரப்பும் குழாயிலும் காற்றுப்போக்கிக் குழாயிலும் கிளிப் தளர்ந்திருக்கலாம். நின்ற வண்டியில் எத்தனை நாள் பார்த்தாலும் அது அகப்படாது.

நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கு முக்கியமாகப் படுவது, வண்டி குளிர்காலம் முழுவதும் நின்றிருந்தது என்பதுதான். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைகிறது. குழாய்களை வடித்துவிட்டோம் என்று நாம் நினைத்தாலும், தாழ்வான வளைவுகளிலும் சிறு குழிகளிலும் கொஞ்சம் நீர் தங்கிவிடும். பெக்ஸ் எனப்படும் வளையும் பிளாஸ்டிக் குழாய் ஓரளவு நெகிழ்ந்து கொடுத்துத் தப்பித்துக்கொள்ளும்; விறைப்பான பிளாஸ்டிக் பாகங்கள்தான் வெடிக்கும். எனவே பம்பின் முன்னால் இருக்கும் வடிகட்டிக் கிண்ணம், கழிப்பறையின் நீர் வால்வு, வெளிப்புற ஷவர், வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து தரும் குழாயின் உட்பகுதி, குழாய்களின் தாழ்ந்த இடத்தில் இருக்கும் வடிகால் வால்வுகள் ஆகியவற்றை முதலில் பாருங்கள். வெளிப்புற ஷவரை எல்லோரும் மறந்துவிடுகிறோம். அதன் பெட்டிக்குப் பின்னால் நடப்பது உள்ளேயிருந்து பார்த்தால் தெரியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில வண்டிகளில், வெப்பநிலை சுமார் 3 டிகிரி செல்சியசுக்கு இறங்கினால் ஹீட்டரின் நீரைத் தானாகவே வண்டிக்கு அடியில் கொட்டிவிடும் பாதுகாப்பு வால்வு உண்டு. அதைக் கசிவு என்று எண்ணிப் பாதி வண்டியைப் பிரித்தவர்களும் இருக்கிறார்கள்.

வாட்டர் ஹீட்டரைத் தனியே பிரித்தும் சோதிக்கலாம். ஹீட்டரை அணைத்து நீர் ஆறிய பிறகு, அதைச் சுற்றிச் செல்லும் மாற்றுவழி வால்வுகளைத் திருப்பி அதற்கு நீர் போகாமல் செய்யுங்கள். பம்பு அடங்கிவிட்டால் ஹீட்டரிலோ அதன் இணைப்புகளிலோதான் கசிவு. இச்சோதனை நடக்கும்போது ஹீட்டரை இயக்கக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகு பார்க்க வேண்டிய இணைப்புகள் ஐந்தாறுக்குள் அடங்கிவிடும். ஒவ்வோர் இணைப்பையும் துடைத்து, டிஷ்யூ தாளை ஒரு சுற்றுச் சுற்றி, அரை மணி கழித்து டார்ச் விளக்கோடு பாருங்கள். கைக்கு எட்டாத இணைப்பின் அடியில் சாக்பீஸ் தூளைத் தூவினால் சொட்டு விழுந்த இடம் கறுத்துக் காட்டும். பெரும்பாலும் குழாயின் நடுப்பகுதி கசியாது, இணைப்புகளே கசியும். நடுவில் ஓட்டை விழுந்திருந்தால், அந்த இடத்தில் ஒரு திருகு முனையோ உலோகத் தகட்டின் விளிம்போ உரசிக்கொண்டிருக்கும்.

சரிசெய்வதைப் பொறுத்தவரை, பெரும்பாலான கசிவுகளை நீங்களே நிறுத்திவிடலாம். அருகில் மின்கம்பிகள் நனைந்திருந்தால் 12 வோல்ட், வெளிமின்சாரம் இரண்டையும் துண்டித்த பிறகே தொடங்குங்கள். கையால் திருகும் பிளாஸ்டிக் நட்டில் கசிவு இருந்தால் உடனே ஸ்பானரை எடுக்காதீர்கள். உள்ளே கூம்பு வடிவ ரப்பர் வாஷர் இருக்கும். நட்டைக் கழற்றி, வாஷரைத் துடைத்து அல்லது மாற்றி, கையால் இறுக்கியபின் கால் சுற்று மட்டும் கூட்டினால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் நட்டு விரிசல் விடும். டெஃப்லான் டேப் இவ்வகை நட்டுக்குத் தேவையில்லை; ரப்பரே அடைப்பைத் தருகிறது. கூம்பு மரையுள்ள இணைப்புக்குத்தான் டேப் சுற்ற வேண்டும், அதுவும் மரை இறுகும் திசையிலேயே.

குழாய் வெடித்திருந்தால் கெட்ட பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, அழுத்திச் செருகும் வகை இணைப்பியைப் போடுவது எளிது. அதே விட்டம் கொண்ட இணைப்பியாக இருக்க வேண்டும்: சில வண்டிகளில் 12 மில்லிமீட்டர் குழாய், சிலவற்றில் அரை அங்குலம் எனப்படும் பெக்ஸ் குழாய். அரை அங்குலம் என்ற பெயரை நம்பி அளந்து ஏமாற வேண்டாம். அதன் வெளிவிட்டம் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர். ரம்பத்தால் அறுக்காமல் குழாய் வெட்டியால் நேராக வெட்டி, பிசிறு நீக்கி, எவ்வளவு ஆழம் உள்ளே போக வேண்டும் என்பதைப் பேனாவால் குறித்துக்கொண்டு, அந்தக் கோடு மறையும்வரை செருகுங்கள். பாதி செருகிய இணைப்பி முதல் நாள் தாங்கும். சாலைக் குலுக்கலில் கழன்று வரும். குழாய் தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் மாட்டி, ஆடாதபடி கிளிப்பால் பிடித்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் பலகைகளை மூடிவிட வேண்டாம். அழுத்தத்தோடு ஓர் இரவு விட்டு, பிறகு மேடுபள்ளமான சாலையில் சிறிது தூரம் ஓட்டிவிட்டு மீண்டும் தாளை வைத்துப் பாருங்கள். நனைந்த தரைப்பலகை மேலே உலர்ந்ததாகத் தெரிந்தாலும் அடியிலுள்ள வெப்பத்தடுப்பு அடுக்கில் ஈரம் நிற்கும். காற்றோட்டம் கொடுத்துப் பல நாள் உலரவிடுங்கள். விரலால் அழுத்தினால் பலகை அமுங்கினால் மட்டுமே தரையைப் பெயர்க்கும் பேச்சு எழும்.

கேள்வி: வாட்டர் ஹீட்டரை இயக்கினால் மட்டும், வண்டிக்கு வெளியே இருக்கும் பாதுகாப்பு வால்வில் நீர் சொட்டுகிறது. வால்வைப் புதிதாக மாற்றியும் நிற்கவில்லை. அந்தத் துளையை அடைத்துவிடலாமா?

பதில்: எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள், ஹீட்டர் வெடிக்காமல் காப்பது அந்தத் துளைதான். தண்ணீர் 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு விரிகிறது. 23 லிட்டர் ஹீட்டரில் அது மூன்றில் ஒரு லிட்டருக்கு மேல். அந்த விரிவுக்கு இடம் தருவதற்காகச் சேமிப்பு வகை ஹீட்டரின் மேற்பகுதியில் காற்று தங்கியிருக்கும். நாளடைவில் அந்தக் காற்று நீரில் கரைந்துவிட, வால்வு சொட்டத் தொடங்குகிறது. ஹீட்டரை அணைத்து நீர் முழுமையாக ஆறியபின், நீர்வரத்தை நிறுத்தி, வெந்நீர்க் குழாய் ஒன்றைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். பாதுகாப்பு வால்வின் நெம்புகோலைத் தூக்கி, நீர் வருவது நிற்கும்வரை பிடித்திருந்து, பிறகு விட்டுவிட்டுக் குழாயையும் மூடுங்கள். ஹீட்டரின் மேற்பகுதியில் மீண்டும் காற்று தங்கிவிடும். இதற்குப் பிறகும் ஓயாமல் சொட்டினால், ஹீட்டரின் வெப்பக் கட்டுப்பாட்டையும் நீர்வரத்தின் அழுத்தத்தையும் தொழில்நுட்பர் ஒருவரிடம் காட்டிச் சோதியுங்கள்.

கேள்வி: கசியும் இணைப்பின் மேல் எபாக்சி பசை பூசினால் நிலைக்குமா?

பதில்: வீடு திரும்பும்வரை ஒருவேளை நிற்கலாம். பெக்ஸ் போன்ற பிளாஸ்டிக்கில் பசை சரியாக ஒட்டுவதில்லை. உள்ளேயிருந்து வரும் அழுத்தம் பூச்சைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதுவரை பம்பை அணைத்து வைத்து, தண்ணீர் வேண்டும்போது மட்டும் இயக்கிக்கொள்ளுங்கள்.