காகிதத்தையா வாங்கினீர்கள், வாளையா?

இம்முறை வந்த கடிதங்கள் அனைத்தும் பழைய ஜப்பானிய வாள்களைப் பற்றியவை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: இணைய ஏலத்தில் ‘300 ஆண்டுப் பழைமையான சாமுராய் வாள்’ ஒன்றை 280 வெள்ளிக்கு எடுத்தேன். அலகில் டிராகன் செதுக்கியிருக்கிறது. விளிம்பை ஒட்டி அலையலையாக ஒரு வெண்கோடும் தெரிகிறது. அசல்தானே? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: அல்ல. அந்தத் தொகைக்குத் தேர்ந்த மெருகுக் கலைஞர் அசல் வாளில் சில அங்குலம்தான் தீட்டித் தருவார்.

கேள்வி: இந்திய இராணுவத்தில் இருந்த என் தாத்தா 1945இல் பர்மாவிலிருந்து கொண்டுவந்த வாள் வீட்டில் இருக்கிறது. பிடி முழுவதும் அலுமினிய வார்ப்பு. அலகில் ஓர் எண் பொறித்திருக்கிறது. ஜப்பானுக்கு எடுத்துச் சென்று மதிப்பிடலாமா? (வாசகி, வேலூர்)

பதில்: தயவுசெய்து எடுத்துச் செல்லாதீர்கள். நீங்கள் விவரிப்பது 1935இல் ஜப்பானியத் தரைப்படை சார்ஜென்ட் போன்ற கீழ்நிலைப் படையினருக்காக ஆலையில் செய்வித்த ‘95ஆம் வகை’ வாள். மரபு முறையில் அடித்துச் செய்யப்படாத இத்தகைய வாளுக்கு ஜப்பானில் பதிவு கிடைக்காது, பதிவில்லாத வாள் அங்கே பறிமுதலாகும். கலைப்பொருளாக இதற்கு மதிப்பில்லை என்றாலும் போர்க்கால நினைவுப் பொருள் சேகரிப்போர் இதை விரும்பி வாங்குகிறார்கள். அலகில் உள்ள எண்ணும் உறையில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் விலை கூடும். 1934, 1938 மாதிரிகளைச் சேர்ந்த அதிகாரிகளின் வாள்கள் வேறு கதை. குடும்பத்தில் வழிவழியாக வந்த பழைய அலகை இராணுவப் பிடியில் பொருத்திக்கொண்டு போர்முனைக்குப் போன அதிகாரிகள் பலர் உண்டு என்பதால், அவற்றைப் பிடியைக் கழற்றிப் பார்க்காமல் ஒதுக்கக்கூடாது. இந்தியாவில் வாள் வைத்திருக்க ஆயுதச் சட்டப்படி உரிமம் தேவைப்படலாம், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டோக்கியோவில் ஒரு கடையில் 4.5 லட்சம் யென்னுக்கு ‘கோடெட்சு’ என்று கையொப்பமிட்ட ‘வாக்கிசாஷி’ எனும் குறுவாள் ஒன்றை வாங்கினேன். ‘அரசாங்கச் சான்றிதழ் இருக்கிறது, அதிலும் கோடெட்சு என்றே எழுதியிருக்கிறது’ என்று காட்டினார்கள். இப்போது விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் போலி என்கிறார். (வாசகர், நிஷிகசாய்)

பதில்: உங்கள்மேல் பிழையில்லை, இப்படி ஏமாற்றப்பட்டவர்கள் எழுதும் கடிதங்கள் எனக்குத் தவறாமல் வருகின்றன, ஒவ்வொன்றும் என் இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. உங்களுக்குக் காட்டப்பட்டது ‘தோரோகுஷோ’ எனும் பதிவுச் சீட்டு. 1958ஆம் ஆண்டின் துப்பாக்கி, வாள் உடைமைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி மாகாணக் கல்வி வாரியம் வழங்குவது அது. அலகின் வகை, நீளம், வளைவு, பிடியாணித் துளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றோடு, பிடிக்குள் மறைந்திருக்கும் காம்பில் என்ன பெயர் வெட்டியிருக்கிறதோ அதையும் அப்படியே எழுதிக்கொள்வார்கள். அந்தப் பெயர் மெய்யா பொய்யா என்று அங்கே யாரும் ஆராய்வதில்லை. வண்டியின் ஆர்.சி. புத்தகம் என்ஜின் நன்றாக இருக்கிறதா என்று சொல்லுமா? இந்தச் சீட்டைச் சான்றிதழ் என்று சொல்லி விற்பவர் அறியாமல் சொல்கிறார் என்று நம்ப நான் தயாராக இல்லை.

மதிப்பீட்டுச் சான்று என்பது வேறு. 1948இல் நிறுவப்பட்ட ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் வாளை நேரில் ஆராய்ந்து ஹொசொன், தொகுபெட்சு ஹொசொன், ஜூயோ, தொகுபெட்சு ஜூயோ என நான்கு படிகளில் சான்று தருகிறது. கையொப்பம் பொய் என்று கண்டால் சான்று தர மறுத்துவிடும். 1982இல் இந்த முறை வருவதற்கு முன்பு வழங்கப்பட்ட ‘கிச்சோ’ சான்றுகளில் நம்பத்தகாதவையும் கலந்திருப்பதால், அவற்றைக் காட்டி விற்கப்படும் பெரிய பெயர்களை மறு ஆய்வு இல்லாமல் ஏற்காதீர்கள்.

17ஆம் நூற்றாண்டில் கவசத் தொழிலிலிருந்து வாள் தொழிலுக்கு வந்து எடோவில் (இன்றைய டோக்கியோ) புகழ்பெற்ற நாகசோனே கோடெட்சுவின் பெயர் மிக அதிகமாகத் திருடப்பட்ட பெயர்களில் ஒன்று; ‘கோடெட்சுவைக் கண்டால் போலி என்றே கொள்’ என்பது வாள் சேகரிப்போர் வழக்கு. என் வீட்டிலும் ‘சுகெஹிரோ’ என்று கையொப்பமிட்ட குறுவாள் ஒன்று இருக்கிறது. ஒசாகாவின் சுகெஹிரோ அதைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. ஆனால் பெயர் பொய் என்பதால் அலகும் பொய்யாகிவிடாது: யாரோ ஒரு நல்ல கொல்லர் எடோ காலத்தில் (1603–1868) செய்த வாளில், விலையை ஏற்றுவதற்காகப் பின்னாளில் வேறொருவர் பெயரை வெட்டியிருக்கலாம். எனவே வாளைச் சங்கத்தின் ஆய்வுக்கு அனுப்புங்கள். சான்று மறுக்கப்பட்டால் அந்த முடிவோடு கடைக்குச் சென்று பணத்தைக் கேளுங்கள்; மறுத்தால் 188 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். எந்த நிலையிலும் அந்தக் கையொப்பத்தை நீங்களாக அழிக்க வேண்டாம். வாங்கிய 20 நாளுக்குள் உரிமையாளர் மாற்றத்தைக் கல்வி வாரியத்துக்குத் தெரிவித்தீர்களா என்பதையும் சரிபாருங்கள். வழக்கு என்று வரும்போது உங்கள் பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும்.

கேள்வி: மாமா கொடுத்த பழைய வாளின் பிடியைக் கழற்றினேன். உள்ளே ஒரே துரு. கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டேன். இப்போது விற்றால் என்ன விலை போகும்? (வாசகர், ஈப்போ)

பதில்: தேய்ப்பதற்கு முன்பு எழுதியிருந்தால் சொல்லியிருப்பேன். பிடிக்குள் இருக்கும் காம்பில் படிந்த கரும்பழுப்புத் துருதான் வாளின் வயதுக்கு முதல் சாட்சி. அதன் நிறம், கொல்லர் இட்ட அரத் தடங்களின் சாய்வு, எழுத்து வெட்டப்பட்ட ஓரங்களில் துரு இறங்கியிருக்கும் விதம் ஆகியவற்றைக் கொண்டே ஆய்வாளர் காலத்தையும் கையொப்பத்தையும் எடைபோடுகிறார். சாட்சியை நீங்களே அழித்துவிட்டு என்னிடம் தீர்ப்புக் கேட்கிறீர்கள். அலகைத் தொடும் முன்பாவது யாரையாவது கேளுங்கள்.

கேள்வி: நல்ல விலைக்கு ஒரு கத்தானா (நீள வாள்) கிடைக்கிறது. வெட்டும் விளிம்பில் குறுக்காக ஒரு மயிரிழைக் கோடு மட்டும் இருக்கிறது. பரவாயில்லையா?

பதில்: அது ‘ஹகிரே’ எனும் விரிசல். வாங்காதீர்கள்.

கேள்வி: ஒரே விலையில் இரண்டு வாள்கள். ஒன்றில் புகழ்பெற்ற பெயர் இருக்கிறது, சான்று இல்லை. மற்றொன்றில் பெயரே இல்லை, தொகுபெட்சு ஹொசொன் சான்று இருக்கிறது. எது நல்லது?

பதில்: இரண்டாவது. பெயரில்லாத வாள் என்றதும் முகம் சுளிக்கிறீர்கள். பழைய காலத்து நீண்ட ‘தாச்சி’ வாள்களைப் பிற்காலத்தவர் தம் தேவைக்கேற்பக் காம்புப் பக்கமிருந்து வெட்டிக் குறுக்கியபோது கையொப்பமும் சேர்ந்து போயிற்று. புகழ்பெற்ற வாள்கொல்லர் மாசாமுனேயின் படைப்புகள் எனப் போற்றப்படுபவற்றிலேயே பெரும்பாலானவை பெயரற்றவை. அத்தகைய அலகை அதன் உருக்கைக் கொண்டே அடையாளம் காண்கிறார்கள்: களிமண் பூசித் தோய்ச்சல் கொடுத்ததால் விளிம்பில் உருவான ‘ஹமோன்’ எனும் வெண்கோடு, விளக்கொளியில் சாய்த்துப் பார்க்கும்போது அதில் மின்னும் நுண்மணிகள், உருக்கை மடித்து அடித்ததால் அலகின் உடலில் தெரியும் மரவரி போன்ற இழையோட்டம், முனைக்குள் அந்த ஹமோன் திரும்பும் விதம். இவை கொல்லரின் கைவண்ணம். பெயரை வெட்டுவதுபோல் இவற்றைப் பின்னால் சேர்த்துவிட முடியாது.

கேள்வி: வரும் வியாழன் லண்டன் திரும்புகிறேன். இன்று கியோட்டோவில் ஒரு பழைய கத்தானா வாங்கினேன். பெட்டியில் வைத்துக் கொண்டுபோகலாமா?

பதில்: முடியாது. பழைய வாள் நாட்டைவிட்டு வெளியேற, அது பாதுகாக்கப்பட்ட பண்பாட்டுச் சொத்து அல்ல என்று பண்பாட்டு விவகார முகமை சான்று தர வேண்டும். பதிவுச் சீட்டையும் திருப்பி ஒப்படைக்க வேண்டும். இதற்குச் சில வாரங்கள் ஆகும். பிரிட்டனிலும் 50 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட வளைந்த வாள்களுக்கு 2008 முதல் தடை உண்டு. 1954க்கு முன் செய்யப்பட்டவற்றுக்கும், மரபுக் கைவினை முறையில் செய்யப்பட்டவற்றுக்கும் விலக்கு இருப்பதால், வாளின் காலத்தைக் காட்டும் ஆவணங்கள் கூடவே வரட்டும். வாளைக் கடையிலேயே விட்டு, ஏற்றுமதி அனுமதி பெற்று அனுப்பச் சொல்லி எழுத்தில் வாங்கிக்கொண்டு, வியாழனன்று வெறுங்கையோடு புறப்படுங்கள்.