டைட்டில் காட்சியும் விஷுவல் எஃபெக்ட்ஸும்: வாசகர் கேள்விகள், பதில்கள்

கேள்வி: படத்தின் முதல் காட்சி மேலேயே பெயர்களைப் போட்டுவிடலாமே. அதற்கென்று தனியாக ஒரு காட்சியை வடிவமைக்கும் வழக்கம் எப்படி வந்தது?

பதில்: பெயர்கள் வரும்போது திரையரங்கின் திரைச்சீலையைக்கூட விலக்காமல், அதன் மேலேயே அவற்றை ஓட்டி முடித்துவிடும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. 1955இல் வெளிவந்த ‘தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்’ படத்தின் சுருள் பெட்டிகளில், பெயர்கள் தொடங்கும் முன்பே சீலையை விலக்கிவிடுங்கள் என்று புரொஜக்டரை இயக்குபவர்களுக்குக் குறிப்பு எழுதி அனுப்பினார்கள். அந்தப் படத்துக்கு வடிவமைப்பாளர் சால் பாஸ் அமைத்த டைட்டிலில் கறுப்புத் தளத்தில் வெள்ளைப் பட்டைகள் ஒவ்வொன்றாகப் புகுந்து, கடைசியில் கோணலாக முறுக்கிய ஒரு கையாகின்றன. போதைப் பழக்கத்திலிருந்து மீளத் தவிக்கும் ஒருவனின் கதை அது. ஒரு வசனமும் பேசப்படாத அந்தச் சில நொடிகளிலேயே படத்தின் வலி பார்வையாளரிடம் வந்துவிடுகிறது. காட்சியின் மேல் பெயர்களைப் போடுவதில் குற்றம் ஒன்றும் இல்லை; பல கதைகளுக்கு அதுவே பொருத்தம். ஆனால் கதைக்குள் நுழையும் முன் பார்வையாளரின் மனநிலையை மாற்ற வேண்டியிருந்தால், அந்த மாற்றத்துக்கு டைட்டிலைவிட நல்ல இடம் படத்தில் வேறு கிடையாது.

கேள்வி: துகள்கள் பறந்து வந்து படத்தின் பெயராகச் சேரும்படி ஒரு டைட்டில் செய்திருக்கிறேன். தனியாக ஓட்டினால் அழகாக இருக்கிறது. படம்பிடித்த காட்சியோடு சேர்த்தால் மேலே ஒட்டிவைத்ததுபோல் தெரிகிறது. எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் வெளிச்சத்தில். 2002இல் டேவிட் ஃபின்சர் இயக்கிய ‘பேனிக் ரூம்’ படத்தின் டைட்டிலைப் பொறுமையாகப் பாருங்கள். மன்ஹாட்டன் நகரக் கட்டடங்களின் பக்கத்தில், அந்தரத்தில், பிரம்மாண்டமான எழுத்துகள் நிற்கும். எதுவும் பறக்காது, எதுவும் வெடிக்காது. ஆனால் கட்டடச் சுவர் எந்தக் கோணத்தில் சரிகிறதோ அதே கோணத்தில் எழுத்தும் சரிகிறது. சுவரின் மேல் படும் பகல் வெளிச்சமே எழுத்தின் மேலும் படுகிறது. அதனால்தான் அவை அந்த நகரத்தில் உண்மையிலேயே தொங்குவதாக நம் கண் ஏற்றுக்கொள்கிறது. உங்கள் காட்சியில் சூரியன் இடப்பக்கம் இருக்க, தலைப்பு வலப்பக்கத்திலிருந்து மின்னினால் பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் ஏதோ பொய் என்று தெரிந்துவிடும். கேமரா நகரும் காட்சியாக இருந்தால் முதலில் அந்த நகர்வை மேட்ச்மூவிங் முறையில் (எடுத்த காட்சியிலிருந்தே கேமராவின் பாதையைக் கணக்கிடும் முறை) துல்லியமாக மீட்டெடுங்கள். எழுத்தை அதற்குப் பிறகு வையுங்கள்.

அடுத்தது அசைவின் மங்கல். நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் வழக்கமான 180 டிகிரி ஷட்டர் (பிரேமின் நேரத்தில் பாதி மட்டும் ஒளியை உள்ளே விடுவது) ஒவ்வொரு பிரேமுக்கும் 1/48 நொடி திறந்திருக்கும். 2048 பிக்சல் அகலமுள்ள திரையை ஓர் எழுத்து ஒரே நொடியில் கடந்தால், அது பிரேமுக்கு ஏறத்தாழ 85 பிக்சல் நகர்கிறது; அதில் பாதி, அதாவது சுமார் 43 பிக்சல், மங்கலாகப் பதிய வேண்டும். காட்சியில் உள்ள மனிதர்கள் இப்படி மங்கியிருக்க, உங்கள் துகள்கள் மட்டும் ஊசிமுனைக் கூர்மையோடு பறந்தால் அவை வேறு உலகத்தவை ஆகிவிடும். காட்சிகளை அடுக்கி ஒன்றாக்கும் கம்பாசிட்டிங் மென்பொருளில் மோஷன் பிளரின் (அசைவு மங்கலின்) ஷட்டர் கோணத்தைப் படப்பிடிப்பில் பயன்பட்ட அதே அளவுக்கு வைப்பது முதல் மருந்து.

ஒளிர்வும் இப்படித்தான். திரைக்காகக் குறிமாற்றம் செய்யப்பட்ட நிற மதிப்புகளின் மேல் நேரடியாக ஒளிர்வைக் கூட்டினால் அது சுண்ணாம்புப் பூச்சுபோல் வெளிறிவிடும். உண்மையான ஒளியின் அளவுக்கு நேர் விகிதத்தில் இருக்கும் லீனியர் மதிப்புகளில் கணக்கிட்டால் நடுவில் தகிக்கும் கருவும், வெளியே மெல்லத் தேயும் விளிம்பும் தாமாகவே வரும். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் என்பதால் இருண்ட பின்னணியில் ஒளி தேயும் இடத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். 16 பிட்டில் வேலை செய்யுங்கள். எழுத்தைச் சுற்றி மெல்லிய கறுப்பு விளிம்பு தெரிந்தால் ஆல்ஃபாவை (படத்தின் எந்த இடம் எவ்வளவு ஒளிபுகும் என்று சொல்லும் தகவலை) மென்பொருள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். எல்லாம் முடிந்த பிறகு, காட்சியில் உள்ள அதே அளவு கிரெயினை (படத்தில் தெரியும் நுண்ணிய மணல்போன்ற புள்ளிகளை) தலைப்பின் மேலும் சேருங்கள்.

இவ்வளவும் சரியான பின்பும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: உங்கள் கதையில் ஏன் துகள்கள்? புழுதியோ சாம்பலோ கதைக்குள் இருக்கிறதா? மென்பொருளில் துகள் கருவி எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காகவே செய்யப்பட்ட தலைப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றின் பெயர்கூட நினைவில் இல்லை. கருவியைத் திறக்கும் முன், அசையாத ஒரே ஒரு பிரேமைக் காகிதத்தில் வரைந்து பாருங்கள். அந்தப் பிரேமே படத்தைப் பற்றி ஏதாவது சொன்னால் மட்டும் மேலே செல்லுங்கள்.

கேள்வி: கணினி வருவதற்கு முன் இத்தகைய காட்சிகளை எப்படிச் செய்தார்கள்?

பதில்: ‘வெர்டிகோ’ (1958) படத்தின் டைட்டிலில் சுழன்று வரும் சுருள் கோடுகளை அனிமேஷன் கலைஞர் ஜான் விட்னி உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளைக் குறிபார்க்க வைப்பதற்காகச் செய்யப்பட்ட இயந்திரக் கணிப்பி ஒன்றை அவர் தம் வரைவுக் கருவியாக மாற்றிக்கொண்டார். உயரத்தைக் கண்டு தலைசுற்றும் ஒருவனின் கதைக்கு அந்தச் சுருள்களைவிடப் பொருத்தமான உருவம் வேறு எது? ‘சூப்பர்மேன்’ (1978) டைட்டிலில் எழுத்துகள் ஒளிக்கீற்றாக நீண்டு விண்வெளியைக் கிழித்துச் செல்வது வேறு ஒரு முறை: ஒவ்வொரு பிரேமுக்கும் ஷட்டரைத் திறந்தே வைத்து, அந்த நேரத்தில் எழுத்துக்கும் கேமராவுக்கும் இடையிலான தூரத்தை மாற்றினால், எழுத்தின் ஒளி பிலிமில் கோடாக இழுபடும். அப்படித் தனித்தனியாக எடுத்த அடுக்குகளை, ஒரு பிலிமை இன்னொரு பிலிமில் பதிக்கும் ஆப்டிகல் பிரிண்டரில் ஒன்றாக்கினார்கள். இன்று லேயர் என்று நாம் சொல்வது அந்த உழைப்பின் வாரிசுதான்.

கேள்வி: ஒரு பெயர் திரையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்?

பதில்: நிதானமாக இரண்டு முறை வாசிக்கும் நேரம். பெயர் உருவாகும் நேரத்தையும் கலையும் நேரத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. முழு உருவத்தோடு அசையாமலோ, மிக மெல்ல அசைந்தோ நிற்கும் நேரம் மட்டுமே கணக்கு. தொலைக்காட்சிக்கும் போகும் படமென்றால், எழுத்துகள் திரையின் அகலத்திலும் உயரத்திலும் நடு 90 விழுக்காட்டுக்குள் அடங்கட்டும்.

கேள்வி: ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக அசைக்கும்போது சரியாக வருகிறது. தமிழில் செய்தால் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து பறக்கின்றன. என்ன செய்வது?

பதில்: ‘கொ’ என்பது நமக்கு ஓர் எழுத்து. ஆனால் யூனிகோடில் அது ககரமும் ஒகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். திரையில் கொம்பு, ககரம், கால் என்று மூன்று வடிவங்கள். மென்பொருள் எதை ‘ஓர் எழுத்து’ என்று எண்ணுகிறதோ அதைத்தான் தனியாக அசைக்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளைக் கையாளும் எழுத்தமைப்பு முறை இயங்கினால் கொம்பும் காலும் தம் இடத்தில் வந்து உட்காரும். எழுத்தெழுத்தாக அசைப்பதற்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். தலைப்பை வெக்டர் வடிவங்களாக (கோடுகளால் ஆன உருவங்களாக) மாற்றி, ஒவ்வோர் உயிர்மெய்க்கும் உரிய துண்டுகளை நீங்களே ஒரு குழுவாகக் கட்டி, அந்தக் குழுவை அசையுங்கள். ஒரு தலைப்புக்கு இது அரைநாள் வேலை. செய்யத் தகுந்த வேலை. கொம்பில்லாமல் ஒரு கணம் நின்றாலும் ‘கொடி’ வேறு சொல்லாக வாசிக்கப்படும். புள்ளியையும் மறக்காதீர்கள். மெய்யெழுத்தின் புள்ளி ஒளிர்வில் கரைந்துபோன தலைப்புகள் பல உண்டு. ஒளிர்வைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் புள்ளி தெரிகிறதா என்று படத்தைச் சிறிதாக்கிப் பாருங்கள்.

கேள்வி: வேலை முடிந்த பிறகு பெயர்ப் பட்டியலை மாற்றுகிறார்கள். ஒவ்வொரு முறையும் முழுக் காட்சியையும் மறுபடி ரெண்டர் செய்ய (கணினியில் கணக்கிட்டு இறுதிப் படமாக எடுக்க) வேண்டியிருக்கிறது.

பதில்: பெயர்களை எஃபெக்ட்ஸோடு கலந்து ரெண்டர் செய்யாதீர்கள். எழுத்தில்லாத பின்னணியைத் தனியாக ரெண்டர் செய்து வைத்துக்கொண்டு, பெயர்களை ஆல்ஃபாவோடு கூடிய தனி அடுக்காக மேலே வையுங்கள். வேறு மொழியில் படம் வெளியாகும்போதும் அந்த எழுத்தில்லாப் பிரதியைத்தான் கேட்பார்கள். பட்டியலை எழுத்து வடிவில் மட்டுமே வாங்குங்கள், தயாரிப்புத் தரப்பிலிருந்து ஒருவர் ஒவ்வொரு பெயரையும் வாசித்துக் கையெழுத்திட்ட பிறகே அசைவு வேலையைத் தொடங்குங்கள். மாதக்கணக்கில் உழைத்த ஒருவர் தம் பெயரைத் திரையில் பார்க்கக் காத்திருப்பார். அதில் ஓர் ஒற்று விடுபட்டாலும் அவருக்கு வலிக்கும்.